எங்கள் ஊர்களுக்கும் பேர் பதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தின் சிறு நகரமொன்றில் 34 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊர்ப் புகையிரத நிலையத்திலிருந்து இறங்கும் படிகளின் கீழே இருந்த பழைய கடை வரிசை சென்ற மாதம் மூன்றே நாட்களில் இடித்து அகற்றப்பட்டது. மூன்றாம் நாள் மாலை நான் அவ்வழியே போனபோது, கடைகளை அடைக்கப் பயன்பட்ட கதவுப் பலகைகள் வடிகாலோரம் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு பலகையின் மேல்முனையிலும் உளியால் வெட்டிய இலக்கம் ஒன்று இருந்தது. 1 முதல் 11 வரை வரிசை தப்பாமல் செருகினால்தான் கடை பூட்டும். 7ஆம் இலக்கப் பலகையைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சியவை விறகுக்குப் போயின.

ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். காணிக்குரியவர் தம் சொந்தக் காணியிலேயே கட்டுகிறார். வரைபடத்துக்கு முறைப்படி அனுமதியும் பெற்றிருக்கிறார். அனுமதி வழங்கிய அலுவலரும் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்துவிடவில்லை. ஆகவே எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இக்கடிதத்தை நான் எழுதவில்லை. அந்த விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனபோது, கழிவுநீர் எங்கே போகும், வாகனத் தரிப்பிடம் எங்கே, வீதியின் நடுவிலிருந்து கட்டடம் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். அவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், அங்கே இப்போது நிற்பது என்ன, எத்தனை காலமாக நிற்கிறது, ஊருக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. என் கவலையெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதே.

அந்த வரிசையில் இருந்தவை ஆறு கடைகள். தகரக் கூரை, கூரையின் விளிம்பில் பூவேலை வெட்டிய மரப்பட்டி, வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கத்தக்க அகலமான திண்ணை. என் தந்தையார் சிறுவனாக இருந்தபோதே அவற்றுக்குப் 'பழைய கடை' என்றுதான் பெயராம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்தவர், காலியிலிருந்து வந்து புடவைக் கடை வைத்த முஸ்லிம் குடும்பத்தார், பாண் போட்ட சிங்களவர், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி அடித்துத் தந்த கொல்லர், கொழுந்துக் கூடை விற்றவர் என்று ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருந்தார்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கி வருகிறவர்கள் முதலில் அந்தத் திண்ணையில்தான் பையை வைப்பார்கள். அங்கே வைத்த பையை எவரும் தொட்டதில்லை. கடைக்காரரின் பற்று வரவுக் கொப்பியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பக்கம் இருந்தது; நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன ஆண்டு அந்தப் பக்கத்தில் எழுதிய கடன் அடைபட இரண்டு ஆண்டுகள் ஆயின என்று அம்மா சொல்லுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தைக் கடந்துதான் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கு வரும் என்பதால், பலர் தங்கள் உறவினருக்கு அந்தக் கடையின் முகவரியையே கொடுத்திருந்தார்கள். இந்தியாவுக்குப் போனவர்களின் கடிதங்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடைக்காரரே வாசித்துக் காட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னையும் சில வேளைகளில் அழைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு தாய் தன் மகனின் கடிதத்தை மூன்று தரம் என்னைக் கொண்டு வாசிக்கச் செய்து, பிறகு அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அந்தத் திண்ணையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கடையைப் படம்பிடித்து எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் போட்டதில்லை.

மலையகச் சிறு நகரங்கள் அரசர்கள் கட்டியவை அல்ல. கோப்பியும் அதன் பின் தேயிலையும் இறங்கவும், அரிசியும் ஆட்களும் ஏறவும் பாதை வேண்டியிருந்தது. பாதை எங்கே நின்றதோ அங்கே ஊர் முளைத்தது. 1867இல் கண்டிக்கு வந்த ரயில் 1874இல் நாவலப்பிட்டியை எட்டி, சுமார் பத்து ஆண்டுகள் அங்கேயே நின்றது. அந்த இடைவெளியில்தான் நாவலப்பிட்டி வண்டிப்பேட்டையாகவும் வணிகர் ஊராகவும் ரயில்வே ஊழியர் ஊராகவும் உருவெடுத்தது. இன்றும் அவ்வூரின் நடையில் அந்த ரயில்வேக் குணம் இருக்கிறது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, அடுத்த ஆண்டு பண்டாரவளை என்று பாதை ஏறிப் போய், பதுளையை அடைந்தபோது 1924 ஆகியிருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சிறு ரயில் 1940களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் போன பின்னும் அந்த ஊர்களில் பழைய ரயில் வளைவுகளிலேயே வீடுகளும் தோட்டங்களும் வரிசை கட்டி நிற்பதை நடந்து பார்ப்பவர் காணலாம்.

நாங்கள் ரயிலைக் கோச்சி என்போம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்த பின், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார் நோக்கிப் போன வண்டிகளுக்கு எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். மேடையில் நின்றவர்களும் வண்டிக்குள் இருந்தவர்களும் யன்னல் வழியே கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையின் பெயர் அது. ஆகவே ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பதுளையிலோ ஒரு புகையிரத நிலையத்தின் பழைய இரும்புத் தூணையும் மர வாங்கையும் பார்க்கும்போது, 'ஆங்கிலேயர் காலத்துக் கட்டடக் கலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எங்கள் கதையில் பாதியைக்கூடச் சொல்லாது. அந்த வாங்கில் கடைசியாக உட்கார்ந்துவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது நீலகிரியிலிருந்து வந்து, தங்கள் தாத்தா ஏறிய நிலையத்தைத் தேடுகிறார்கள். அப்படி வந்த ஒருவரை நானே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன்.

இந்த ஊர்களுக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் ஒரு கட்டடத்தைப் பழமைச் சின்னம் என்று கருதுவதற்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள். அதற்கு முற்பட்டவை இயல்பாகவே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகின்றன. பிற்பட்டவற்றை அமைச்சர் தனியே வர்த்தமானியில் அறிவித்தாக வேண்டும். எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்கு வரத் தொடங்கியதே அந்தத் திகதிக்குப் பிறகுதான். அதாவது, எங்கள் வரலாறு முழுவதும், அதன் ஒவ்வொரு கல்லும் பலகையும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுகின்றன. கோடு கிழித்தவர்கள் எங்களை நினைத்துக் கிழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களை நினைக்காமல் கிழித்தார்கள் என்பதே உண்மை. கண்டி மாநகரம் 1988இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சிவனொளிபாதமலைக் காடும் 2010இல் அதே பெருமையைப் பெற்றன. இரண்டிலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த நகரத்துக்கும் அந்தக் காடுகளுக்கும் இடையில் மனிதர்கள் 200 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஊர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் 'பேர் பதிதல்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்தவருக்கே வேலையும், லயத்தில் ஒரு காம்பராவும் (அறையும்) உண்டு. பேர் பதியாதவர் அதே மலையில் அதே கொழுந்தைக் கிள்ளினாலும் கணக்கில் வரமாட்டார். எங்கள் சிறு நகரங்கள் பேர் பதியாத ஆட்களைப் போல இருக்கின்றன.

பாதுகாப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய பங்களாக்கள் பல பார்த்துப் பார்த்துப் பேணப்பட்டு விடுதிகளாக நடக்கின்றன. நுவரெலியாவின் பழைய ஹோட்டல்களும், அப்புத்தளையின் அடிஷம் பங்களாவும், டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் 1878ஆம் ஆண்டின் வார்லி தேவாலயமும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவை இருக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். வருமானம் தருவதையும், வழிபாட்டுக்கு ஆட்கள் உள்ளதையும் காப்பது எளிது. துரையின் வீடு நின்று, துரைக்குச் சோறு போட்ட ஊரின் கடைத்தெரு அழிந்தால், வருங்காலப் பிள்ளை மலையகத்தைத் துரைமாரின் ஊர் என்றே படிக்கும். நான் அஞ்சுவது அதைத்தான். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் பழைய லயன் அறைகளிலேயே தொழிலாளருக்கான ஓர் அருங்காட்சியகமும் 2007 முதல் இயங்குகிறது. முதலாவதைப் பார்க்கப் பாடசாலைகள் பேருந்து பேருந்தாகப் போவதைக் கண்டிருக்கிறேன். இரண்டாவதற்கும் ஒரு தரமாவது பிள்ளைகளை அழைத்துப் போகுமாறு ஆசிரியர் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நுவரெலியாவின் செங்கல் தபாலகத்தை விடுதிக்கென ஒப்படைக்கும் யோசனை 2023இல் வந்தபோது, தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1894ஆம் ஆண்டின் அந்தக் கட்டடம் நாடறிந்தது. அதற்காகக் குரல் கொடுக்கத் தொழிற்சங்கங்கள் இருந்தன. பூண்டுலோயாவின் ஒரு பழைய கடைக்கோ, பொகவந்தலாவையின் ஒரு பழைய அச்சகத்துக்கோ யார் வேலைநிறுத்தம் செய்வார்கள்?

ஒரு நகரம் முழுவதுமாகவே போவது எப்படியிருக்கும் என்பதை மலையகம் முன்பே கண்டிருக்கிறது. மவுஸ்ஸாக்கலை அணை கட்டப்பட்டு 1969இல் நீர் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் மூழ்கியது. என் தாய்மாமன் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தார். பாடசாலை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த நகரத்தில் இறங்கி, அவர் வாங்கித் தரும் தேங்காய்ப்பூப் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. கடும் வரட்சி வந்து நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கே கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து வெளிப்படுகின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பார்க்கப் போகும் இளைஞர்கள் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போனபோது ஒரு பெரியவர், வெடித்த சேற்றில் கைத்தடியால் கோடு போட்டு, "இது சந்தை, இது சலூன், இங்கேதான் பஸ் திரும்பும்" என்று காட்டிக்கொண்டே போனார். இளைஞர்கள் நின்று கேட்டார்கள். அவர் காட்டிய வரைபடத்தை அன்றே கொப்பியில் பதிந்துகொண்டேன். அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். மழை வந்ததும் சேற்றில் போட்ட கோடும் போயிற்று.

மின்சாரமும் நீர்ப்பாசனமும் நாட்டுக்குத் தேவை. அவற்றை நான் எதிர்த்து எழுதவில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியாவும், கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக அப்பள்ளத்தாக்கின் பழைய கிராமங்களும் விகாரைகளும் 1980களில் நீருக்குள் போயின. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் நிறைவேறியபோது தலவாக்கலையின் ஒரு பகுதி இடம் மாறியது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் வீச்சும் குறைந்தது. சிங்கள மக்கள் இழந்த ஊர்களுக்கும் நாங்கள் இழந்த ஊர்களுக்கும் இடையே துயரத்தில் வேறுபாடு இல்லை. இழப்புக்கு நட்டஈடு கணக்கிட்டபோது காணியையும் சுவரையும் மரத்தையும் எண்ணினார்கள். ஊரின் அமைப்பையும் பெயர்களையும் கதைகளையும் எழுதி வைக்கும் வேலை எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. தண்ணீர் வருவதற்கு முன் ஒரு மாதம் நாலு ஆசிரியர்களை உட்கார வைத்திருந்தால் பழைய மஸ்கெலியா இன்று நம் கையில் இருந்திருக்கும்.

நெருப்பும் தன் பங்கைச் செய்தது. 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. அதன் பின்னும் எஞ்சி நின்ற பழைய பெயர்ப்பலகைகள் நெருப்பைக் கடந்து வந்தவை. அவற்றை ஒரு பிற்பகலில் கழற்றி வண்டியில் போடும்போது, எதைக் கழற்றுகிறோம் என்பதையாவது அறிந்து கழற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கட்டடத்தைவிட எளிதாக அழிவதும், செலவின்றிக் காக்கக்கூடியதும் அதுவே. எங்கள் முதியவர்கள் அட்டன் என்றும், நூரலை என்றும், வதுளை என்றும், தலவாக்கொல்லை என்றும் சொன்னார்கள். ஆட்களைத் திரட்டி அழைத்து வந்த கங்காணிமாரோடு கால்நடையாக வந்தவர்கள் சிங்கள ஊர்ப் பெயரையும், ஸ்கொட்லாந்துத் துரைமார் வைத்த தோட்டப் பெயரையும் தங்கள் நாக்குக்கு இசையத் திருத்தி, தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். டன்சினன், ஸ்ட்ரத்ஸ்பே, ஹொலிரூட் போன்ற பெயர்கள் கடல் கடந்து வந்து எங்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஏறியிருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு என்று பிரிவுகள். ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் தமிழில் ஒரு பெயர். தோட்டத்துக் காவல் தெய்வங்களான கவ்வாத்துச்சாமியும் ரோதைமுனியும் குடியிருக்கும் மரங்களின் பெயரிலும் இடங்கள் உண்டு. நல்லதண்ணி, சாமிமலை போன்ற பெயர்கள் வீதி வரைபடத்திலும் அரச பலகையிலும் இடம்பிடித்துவிட்டதால் பிழைத்துக்கொண்டன. பலகையில் ஏறாத பெயர்கள் சொல்பவர் போனதும் போய்விடுகின்றன.

பலகையில் ஏறியவையும் சரியாக ஏறுவதில்லை என்பது வேறொரு வேதனை. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஆயினும் இன்று வீதியோரத்தில் ஒரே ஊரின் பெயர் மூன்று பலகைகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். ஒன்றில் கொம்பு பிழை, ஒன்றில் சிங்கள ஒலியை அப்படியே எழுத்துப் பெயர்த்திருப்பது, ஒன்றில் பொருளே மாறியிருப்பது. பலகை எழுதுபவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் தன் எல்லைக்குள் உள்ள ஊர், வீதி, தோட்டப் பிரிவு ஆகியவற்றின் பெயர்களை மூன்று மொழியிலும் உறுதிசெய்து ஒரே பட்டியலாக வெளியிட்டால், பலகை எழுதுபவர் அதைப் பார்த்து எழுதுவார். அவ்வூர்ப் பாடசாலைகளின் தமிழ், சிங்கள ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய பணி இது.

தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் 1930களில் தம் தொழிற்சங்கத்தின் தலைமையிடமாக ஹட்டனைத் தெரிந்தெடுத்து, அங்கே அச்சகமும் நடத்தினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தம் பாடல்களைப் பாடி மக்களை எழுப்பினார். தோட்டத்துக்குள் கூட்டம் வைக்க இடம் கிடைக்காதவர்களுக்கு நகரம்தான் பேசும் இடமாக இருந்தது. ஹட்டன் மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியிலும் மல்லியப்புச் சந்தியிலும் இன்றும் சம்பளத்துக்காக மக்கள் கூடுகிறார்கள் என்றால் அது அந்த வழியில் வந்த வழக்கம். இதை அறியாத மாணவனுக்கு அந்தச் சந்தி வெறும் வாகன நெரிசல்.

இங்கே ஒரு தவறான எண்ணத்துக்கு இடம் வைக்கக் கூடாது. லயங்களை அப்படியே வைத்துக் காட்சிப்பொருளாக்குங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் படித்து, மழை ஒழுகும்போது புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியவன் நான். எங்கள் மக்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் வேண்டும். அது எந்த மரபுரிமையையும்விட முதன்மையானது. எல்லோரும் நல்ல வீட்டுக்குப் போன பின், அந்தந்தத் தோட்டத்து மக்கள் விரும்பினால், ஒரு லயத்தையும், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் ஒரு பிரட்டுக்களத்தையும் விட்டுவைக்கலாம். விட்டுவைப்பதா இடிப்பதா என்பதை அங்கே வாழ்ந்தவர்களே தீர்மானிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களின் புகைப்பட ஆசைக்காக எங்கள் வறுமையைப் பாதுகாக்க நாங்கள் இணங்கமாட்டோம்.

நகர மக்களின் நியாயமும் எனக்குத் தெரியும். நான்கு பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியவர் ஒற்றை மாடிக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் கட்டத்தான் வேண்டும். முகப்பையும் திண்ணையையும் கூரைச் சரிவையும் விட்டுவைத்துப் பின்புறமாக உயர்த்திக் கட்ட வழியுண்டு. அதற்கு அவருக்கு ஆகும் மேலதிகச் செலவை ஈடுசெய்யச் சில ஆண்டுகளுக்குக் கட்டடத்துக்கான சோலைவரியில் சபை சலுகை வழங்கலாம். மலைச்சரிவில் கனமான மாடிகள் ஏறுவது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததைக் கண்ட நாம், சரிவில் எதையும் எடை பார்க்காமல் ஏற்றக் கூடாது. தகரமும் பலகையுமாக எங்கள் முன்னோர் இலேசாகக் கட்டியது வசதியின்மையால் மட்டுமன்று. மண்ணை அறிந்தவர்கள் கட்டிய முறையும் அது. எல்ல நகரத்தின் அண்மைக்கால வளர்ச்சியைப் பார்த்து வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது; வந்தவர்கள் தங்குவதற்கு எழுந்த கட்டடங்களுக்கிடையே அந்த மலைக் கிராமத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர்களின்றி இருந்து, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் மீண்டும் கூடியிருக்கின்றன. ஹட்டன்-டிக்கோயா நகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பிரதேச சபைகள், பதுளை மாவட்டத்தின் பல சபைகள் என எல்லாவற்றிலும் எங்கள் வாக்கில் வந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உபவிதி இயற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு. வரைபட அனுமதி சபையின் வழியாகவே போகிறது. கொழும்பிலிருந்து எவரும் வந்து தொடக்கி வைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒரு பதிவேடு. ஒவ்வொரு சபையும் தன் எல்லையில் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடை, கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, தண்ணீர்ப் பீலி, பாலம், மைல்கல், மரம் என்பவற்றை ஒன்றுவிடாமல் படத்தோடும் பெயரோடும், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரின் வாய்மொழியோடும் பதிய வேண்டும். பதிவில் உள்ள ஒன்றை இடிக்க விண்ணப்பம் வந்தால், இடிக்கும் முன் சபைக் கூட்டத்தில் அது பேசப்பட வேண்டும். அவ்வளவுதான். இடிக்கக் கூடாதென்று சபை தீர்மானித்தாலும் சரி, இடிக்கலாமென்று தீர்மானித்தாலும் சரி, அறிந்து தீர்மானித்ததாக இருக்கும். பதிவில் சிறந்தவற்றை அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலுக்காகத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சபையே பரிந்துரைக்கலாம். நகருக்குள் மட்டும் நின்றுவிடாமல் தோட்டங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதே தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கிய பின்னும் பழைய பழக்கத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு நகரை மட்டும் எண்ணினால், எண்ணியது பாதிதான்.

பதிவதை அந்தந்த ஊர்ப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர்களே செய்வார்கள். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது; கேட்பதற்குப் பாட்டியும் தாத்தாவும் வீட்டிலேயே இருக்கிறார்கள், இன்னும் கொஞ்சக் காலத்துக்கு. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில், முன்னோர் வந்த வழியில் நம் இளைஞர்கள் காலில் கொப்புளத்தோடு நடந்ததைப் பார்த்தவன் நான். வந்த வழியை அத்தனை அக்கறையோடு நடந்து பார்த்தவர்களுக்கு, வந்து சேர்ந்த ஊரை எழுதி வைப்பது பாரமாக இருக்காது.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம் போதும், ஒவ்வொரு சிறு நகரத்துக்கும் இடம் ஒதுக்கி, வாசகர்களிடமிருந்து பழைய படங்களையும் இடப்பெயர்களையும் கேட்டு வெளியிடுங்கள். வலப்பனை, இராகலை, பூண்டுலோயா, சாமிமலை, டயகம, பசறை, லுணுகலை, இறத்தோட்டை என்று தொடங்கினால் பல வாரங்களுக்குப் பஞ்சமிராது. சபைகள் தொடங்கச் சுணங்கினாலும் பதிவு தொடங்கிவிடும்.

என் பங்குக்கு, 1980களிலிருந்து நான் எழுதிவைத்த மூன்று கொப்பிகள் என்னிடம் உள்ளன. எங்கள் ஊர்க் கடைகளின் வரிசையும் கடைக்காரர்களின் பூர்வீகமும், சுற்றியுள்ள தோட்டங்களின் மலைப் பெயர்களும், பழைய மஸ்கெலியாவைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்னவையும் அவற்றில் இருக்கின்றன. பதிவேட்டை முதலில் தொடங்கும் சபைக்கோ பாடசாலைக்கோ அவற்றைப் பிரதியெடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன். 7ஆம் இலக்கப் பலகையும் என் வீட்டுச் சுவரோரம் நிற்கிறது; வைக்க ஓர் அறை கிடைத்தால் அதையும் கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மத்திய மலைநாடு.